மாத்திரைக்கு அடங்காத வலிப்பு: கூடவே வரும் நோய்கள் பற்றிக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

வலிப்பு நோயாளிகளின் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. செக்கப்புக்கு வருகிறவர்களிடம் டாக்டர் முதலில் கேட்பது, "போன தடவை வந்த பிறகு எத்தனை ஃபிட்ஸ்?" என்பதுதான். வீட்டாரும் எண்ணிக்கையைச் சொல்லி, சீட்டை வாங்கிக்கொண்டு மருந்து கொடுக்கும் இடத்துக்குப் போய்விடுவார்கள். மற்றதெல்லாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேசும்போதுதான் வரும். ராத்திரி தூங்குவதில்லை, யாரோடும் பேசுவதில்லை, படித்தது நிற்பதில்லை, முதுகு வலிக்கிறது, எதற்கெடுத்தாலும் கோபம். இவையும் அந்த நோயைச் சேர்ந்தவைதான். இவற்றில் பலவற்றுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, அதைத் தொடங்க வலிப்பு நிற்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

முக்கியமாக ஒன்று. இங்கே மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பற்றி நிறைய வரும். படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், குறைக்காதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

மாத்திரைக்கு அடங்காத வலிப்பு என்று எப்போது சொல்வார்கள்?

சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010ல் இதற்கு ஒரு வரையறை கொடுத்தது. அந்த வகை வலிப்புக்குப் பொருத்தமான மருந்துகள் இரண்டை, தனித்தனியாகவோ சேர்த்தோ, உடம்பு தாங்கும் சரியான அளவில் கொடுத்துப் பார்த்தும் வலிப்பு முழுதாக நிற்கவில்லை என்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. இரண்டே மருந்தில் அப்படி முடிவு செய்யலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கிளாஸ்கோ நகரில் நடந்து 2000ல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. அதுவரை மருந்தே எடுக்காத 470 பேரில் முதல் மருந்திலேயே வலிப்பு நின்றவர்கள் 47 சதவீதம். இரண்டாவது மருந்தில் நின்றவர்கள் 13 சதவீதம். மூன்றாவது தனி மருந்தில் நின்றவர்கள் 1 சதவீதம்தான். மொத்தத்தில் பார்த்தால் வலிப்பு உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு மருந்தால் மட்டும் வலிப்பு முழுதாக நிற்பதில்லை.

ஆனால் அந்தப் பெயரைச் சூட்டுவதற்கு முன்னால் சில சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா? வகைக்கு ஏற்ற மருந்துதானா? காலையில் கை கால் வெட்டி இழுக்கும், இளவயதில் தொடங்கும் ஒரு வகை வலிப்புக்குக் கார்பமசெபின் கொடுத்தால் அது கூடத்தான் செய்யும். அப்புறம், வருவது வலிப்புதானா என்பதும் ஒரு கேள்வி. அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

வலிப்போடு இத்தனை பிரச்சினைகள் ஏன் சேர்ந்து வருகின்றன?

ஒரே காரணம் இல்லை. சில சமயம் வலிப்பை உண்டாக்கிய மூளைப் பாதிப்பே மற்றதையும் உண்டாக்குகிறது. பெரியவர்களில் அதிகம் பார்க்கும் வகை, காதுக்கு மேலே இருக்கும் பொட்டுப் பகுதியில், அதாவது டெம்போரல் மடலில் கிளம்பும் வலிப்பு. அவர்களில் பலருக்கு அந்த மடலின் உட்பக்கம் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சுருங்கித் தழும்பாகி இருப்பது எம்.ஆர்.ஐ.யில் தெரியும். புது விஷயங்களை நினைவில் பதியவைப்பதும் அதே ஹிப்போகாம்பஸ்தான். அதனால் அவர்களுக்கு வலிப்பும் மறதியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. பயத்தையும் உணர்ச்சியையும் ஆளும் அமிக்டலா அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் மனநிலையும் தப்புவதில்லை.

திரும்பத் திரும்ப வரும் வலிப்பு, அதனால் கெடும் தூக்கம், விழுந்து படும் அடி ஆகியவையும் காரணம். மூன்று நான்கு மருந்துகளைப் பல வருடம் எடுப்பதும் காரணம். வேலை கிடைக்காதது, வண்டி ஓட்ட முடியாதது, கல்யாணப் பேச்சு நின்றுபோவது, சொந்தக்காரர்கள் விலகிப் போவது இவையெல்லாம் மனதை அரிக்காமல் இருக்குமா? ஒருவரிடம் இதில் எது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால்தான் எதைச் சரிசெய்ய முடியும் என்று தெரியும்.

என் பையன் எப்போதும் சோர்ந்தே கிடக்கிறான். ஃபிட்ஸ் வந்தால் யாருக்குத்தான் சோகம் இருக்காது? இதை டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். வலிப்போடு வருவனவற்றில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது மனச்சோர்வு. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது இருக்கிறது. மருந்துக்கு அடங்காதவர்களிடம் இன்னும் அதிகம். இது வெறும் கவலை இல்லை. மனச்சோர்வு முன்பே இருந்தவர்களுக்குப் பின்னாளில் வலிப்பு வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிடக் கூடுதல். அதாவது இரண்டுக்கும் மூளையில் பொதுவான வேர் இருக்கிறது. "இத்தனை கஷ்டத்தில் இப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுவது, எலும்பு முறிந்தவரிடம் விழுந்தால் வலிக்கத்தானே செய்யும் என்று சொல்லி அனுப்புவதைப் போன்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்களிடம் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டு நடந்த ஆய்வுகளில், பதிலைத் தீர்மானிப்பதில் வலிப்பின் எண்ணிக்கையைவிட மனச்சோர்வுக்கே அதிகப் பங்கு இருந்தது. மாதம் நான்கு என்பது மூன்றாகக் குறைவதைவிட மனச்சோர்வுக்கு வைத்தியம் செய்வது ஒருவருக்கு அதிக நிம்மதி தரலாம்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வலிப்பு நோயாளிகளுக்கென்றே தயாரித்த ஆறு கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது, காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பிவிடலாம். எதிலும் பிடிப்பில்லை, எல்லாமே பாரமாக இருக்கிறது, நான் செய்வது எதுவும் உருப்படாது, செத்துவிட்டால் தேவலை என்ற மாதிரியான எண்ணங்கள் கடந்த இரண்டு வாரமாக எவ்வளவு வந்தன என்று அது கேட்கும். உங்கள் டாக்டர் கேட்கவில்லை என்றால் நீங்களே பேச்சை எடுங்கள்.

சிகிச்சையில் முதலில் பார்க்க வேண்டியது, புதிதாகச் சேர்த்த வலிப்பு மருந்து ஏதாவது மனதைக் கீழே இழுக்கிறதா என்பது. ஃபீனோபார்பிடால், டோபிராமேட், லெவிடிரசெடாம், பெராம்பனேல் போன்றவை சிலருக்கு அப்படிச் செய்யும். லாமோட்ரிஜின் மாதிரி சில மருந்துகள் மனநிலைக்கு அனுகூலமானவை. அடுத்தது மனநல ஆலோசனை, தேவைப்பட்டால் மனச்சோர்வு மாத்திரை. "மனநல மாத்திரை போட்டால் ஃபிட்ஸ் கூடும்" என்ற பயம் பல டாக்டர்களிடமே உண்டு. செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் வகை மாத்திரைகளை வழக்கமான அளவில் வலிப்பு உள்ளவர்களுக்குப் பொதுவாகத் தயங்காமல் கொடுக்கலாம். தவிர்க்க வேண்டியவை புப்ரோபியான், குளோமிபிரமின் போன்ற சில மாத்திரைகள்தான்.

வலிப்பு உள்ளவர்களிடம் தற்கொலை மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். அந்த எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பலருக்கு அப்போதுதான் மூச்சு வரும். மாத்திரைப் பெட்டியை வீட்டாரே பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, தமிழ்நாட்டில் 104. எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

லெவிடிரசெடாம் ஆரம்பித்ததிலிருந்து பாத்திரத்தை வீசுகிறாள், தம்பியை அடிக்கிறாள். முன்னால் அப்படி இல்லை.

அந்த மருந்துக்கு நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு இது. எல்லோருக்கும் வராது. முன்பே மனநலப் பிரச்சினை இருந்தவர்களுக்கும், வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கும் வாய்ப்பு அதிகம். அளவைக் குறைப்பது, பிரிவராசெடாமுக்கு மாற்றுவது, வேறு மருந்துக்குப் போவது என்று வழிகள் உண்டு. குணக்கேடு என்று பிள்ளையைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, கோபம் தொடங்கிய தேதியையும் மாத்திரை தொடங்கிய தேதியையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். பெராம்பனேலும் இப்படிச் செய்யக்கூடியதுதான். அதில் கோபம் இன்னும் முரட்டுத்தனமாக வரலாம்.

திடீரென்று பயம் வந்து நெஞ்சு அடிக்கிறது. இது பதட்டமா, வலிப்பின் தொடக்கமா?

இரண்டாகவும் இருக்கலாம். வலிப்பின் பயம் பெரும்பாலும் அரை நிமிடம், இரண்டு நிமிடத்தில் முடியும். ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும். வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்புவது, ஒரு வாசனை, வெறித்த பார்வை, வாயைச் சப்புக்கொட்டுவது என்று தொடரலாம். பதட்டத் தாக்குதல் மெதுவாக ஏறிப் பத்து இருபது நிமிடம் நிற்கும், நினைவு தப்பாது. எப்போது வருமோ என்று வெளியே போகவே அஞ்சுவது மூன்றாவது வகை, அதற்கு ஆலோசனை நன்றாக வேலை செய்யும்.

ஃபிட்ஸ் வரிசையாக வந்தது. ஒரு நாள் நன்றாக இருந்தாள். அப்புறம் சாமி பேசுகிறது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்கிறாள். வீட்டில் பேய் என்று சொல்கிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்கும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரு கோயிலுக்கோ தர்காவுக்கோ போய்விட்டுத்தான் வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, ஏனென்றால் இப்படி ஒன்று இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதே இல்லை. இது வலிப்புக்குப் பிந்திய மனப்பிறழ்வு நிலை. அதன் அடையாளமே நீங்கள் சொன்ன அந்த நல்ல நாள்தான். பெரிய வலிப்பு ஒன்றோ, வரிசையாகப் பலவோ வந்து ஓய்ந்த பிறகு, சில மணி நேரத்திலிருந்து ஒரு வாரம் வரை ஆள் சாதாரணமாக இருப்பார். பிறகுதான் தூக்கம் கெட்டு, பிரமைகளும் சந்தேகமும், பக்திப் பேச்சும், சில சமயம் மூர்க்கமும் வரும். பெரும்பாலும் சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில் அடங்கிவிடும்.

ஆனால் அந்த நாட்களில் ஆபத்து நிஜமானது. தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தலாம். உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். குறைந்த அளவில் மனநோய் மருந்து கொடுத்தால் சீக்கிரம் தணியும். ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரலாம். அதனால் அடுத்த தடவை வலிப்பு வரிசையாக வந்து, இரவில் தூக்கம் போனாலே என்ன மாத்திரை கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மந்திரிக்கப் போவதும் போகாததும் உங்கள் விருப்பம். கட்டிப்போடுவதும், அடிப்பதும், மாத்திரையை நிறுத்துவதும் மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது.

மறதி அதிகமாகிறது. மாத்திரையால்தானே?

ஓரளவுக்கு. டோபிராமேட் சிலருக்குப் பேசும்போது சொல் கிடைக்காமல் தடுமாற வைக்கும். ஃபீனோபார்பிடாலும், ஒரே நேரத்தில் பல மருந்துகளும் புத்தியை மந்தமாக்கும். ஆனால் எல்லாப் பழியையும் மாத்திரைமேல் போட்டுவிடக் கூடாது. இடது ஹிப்போகாம்பஸ் பாதிப்பு உள்ளவருக்குப் பெயர்களும் கேட்ட பேச்சும் நிற்காது. ராத்திரியில் யாரும் பார்க்காமல் வரும் வலிப்பு அன்றைய நினைவைக் கலைத்துவிடும். தூக்கக் குறைவும் மனச்சோர்வும்கூட மறதியாகவே தெரியும், இவை இரண்டையும் சரிசெய்தால் மறதி குறைவதைப் பலரிடம் பார்க்கலாம்.

ஒருமுறையாவது நரம்பு உளவியல் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. எது பலவீனம், எது பலம் என்று அதில் தெரியும். கேட்டது நிற்காதவருக்குப் பார்த்தது நிற்கலாம், படமாகக் காட்டலாம். போனில் அலாரம், கிழமை போட்ட மாத்திரைப் பெட்டி, சுவரில் ஒரு நாட்காட்டி. இவற்றை வெட்கப்பட்டுத் தவிர்க்காதீர்கள்.

குழந்தைக்கு ஃபிட்ஸ். ஓரிடத்தில் உட்காருவதில்லை, கண் பார்த்துப் பேசுவதில்லை என்று டீச்சர் சொல்கிறார்.

வலிப்பு உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கவனக்குறைவும் துறுதுறுப்பும் சேர்ந்த ஏ.டி.ஹெச்.டி. இருக்கிறது. ஆட்டிசமும் மற்ற குழந்தைகளைவிடப் பல மடங்கு அதிகம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு இருந்தால் இன்னும் கூடும். ஏ.டி.ஹெச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் வலிப்பைக் கூட்டும் என்று மறுத்துவிடுகிறவர்கள் உண்டு. டாக்டர் மேற்பார்வையில் கொடுக்கும்போது அந்தப் பயத்துக்குப் பெரிய ஆதாரம் இல்லை.

சில வலிப்பு நோய்களில் மற்ற உறுப்புகளையும் பார்க்க வேண்டும். உடம்பில் இலை வடிவ வெளிர்ப் புள்ளிகள் இருந்தால் அது டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோயாக இருக்கலாம். அதில் சிறுநீரகத்திலும் இதயத்திலும் கட்டிகள் வரும், காலம்தோறும் ஸ்கேன் எடுக்க வேண்டும். எஸ்.சி.என்.1.ஏ மரபணு மாற்றத்தால் வரும் டிராவே நோயில் குழந்தை வளர வளர முழங்கால் மடங்கிய நடை வரும், பிசியோதெரபி தேவை. அதனால்தான் சிறு வயதில் தொடங்கி அடங்காத வலிப்புக்கு மரபணுப் பரிசோதனை கேட்கிறார்கள். அது வீண் செலவு இல்லை.

பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபிட்ஸ் வரும் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்வது அந்தப் பிள்ளைக்கு நோய் செய்ததைவிடப் பெரிய தீங்கு. முதலுதவியை டீச்சருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை அனுப்புங்கள்.

குறட்டைக்கும் ஃபிட்ஸுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. தூக்கத்தில் மூச்சுக்குழாய் அடைபட்டு மூச்சு நின்று நின்று வரும் நோய், அறுவை சிகிச்சைக்காகப் பரிசோதிக்கப்பட்ட வலிப்பு நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு இருந்ததாக ஓர் ஆய்வு காட்டியது. தூக்கம் துண்டு துண்டாவதும் ஆக்சிஜன் குறைவதும் வலிப்பைத் தூண்டும். வால்புரோயேட் போன்ற மருந்துகளால் எடை கூடினால் குறட்டையும் கூடும். பலத்த குறட்டை, காலையில் தலைவலி, பகலில் தூங்கி விழுவது இருந்தால் தூக்கப் பரிசோதனை கேளுங்கள். மூச்சுக்குழாய் அடைபடாமல் காற்றழுத்தம் கொடுக்கும் சிபாப் கருவி போட்டுத் தூங்கத் தொடங்கிய பிறகு சிலருக்கு வலிப்பும் குறைகிறது. வலிப்பு நோயாளியின் குறட்டையைப் பற்றிக் கேட்கும் வழக்கம் நம் ஊரில் இன்னும் வரவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

மாத்திரை எலும்பை அரிக்கும் என்கிறார்களே?

ஃபெனிடாயின், கார்பமசெபின், ஃபீனோபார்பிடால் இவை கல்லீரலின் நொதிகளை முடுக்கி விட்டமின் டி சீக்கிரம் அழிந்துபோகச் செய்கின்றன. வால்புரோயேட்டும் வேறு வழியில் எலும்பைப் பலவீனமாக்கும். வெயில் கொளுத்தும் நம் ஊரில் விட்டமின் டி குறைய வாய்ப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். வெளியே அனுப்பாமல் வீட்டிலேயே வைத்திருக்கும் நோயாளிக்கு வெயில் எங்கிருந்து வரும்? பல வருடமாக மாத்திரை எடுப்பவர்கள் ரத்தத்தில் விட்டமின் டி, கால்சியம் அளவையும், டாக்டர் சொன்னால் எலும்பு அடர்த்தி ஸ்கேனும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரிய வலிப்பு வந்த பிறகு முதுகு வலி நாள்கணக்கில் விடவில்லை என்றால் எக்ஸ்ரே எடுங்கள். தசைகள் இறுகும் வேகத்திலேயே, கீழே விழாமலே, முதுகெலும்பு நசுங்கலாம். தோள்பட்டை பின்பக்கமாக நழுவுவதும் அப்படித்தான். அதை எக்ஸ்ரேயில்கூடத் தவறவிடுவார்கள், கையை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

ஈறு வீங்குகிறது, நடை தள்ளாடுகிறது.

எப்டாயின் என்ற பெயரில் பலர் வாங்கும் ஃபெனிடாயின் மருந்தாக இருந்தால் இரண்டும் அதனால் வரலாம். ஈறுக்குப் பல் டாக்டரும் சுத்தமான பல் துலக்கலும் உதவும். தள்ளாட்டம் அவசரம். ஃபெனிடாயினில் சிறிய அளவு கூட்டினாலும் ரத்தத்தில் அளவு திடீரென்று எகிறும். உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

தலைவலியும் இதில் சேர்ந்ததா?

ஆமாம். ஒற்றைத் தலைவலி இவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. டோபிராமேட், வால்புரோயேட் இரண்டுக்கும் பயன்படும். ஒரு மாத்திரையில் இரண்டு காரியம் ஆகுமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

மகளுக்குக் கல்யாணம் பேசுகிறோம். என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?

கல்யாணத்துக்கு முன்பே மருந்தைப் பற்றிப் பேசுங்கள், அது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். கர்ப்பத்தில் வால்புரோயேட் எடுத்தால் பிறக்கும் குழந்தைகளில் சுமார் 10 சதவீதத்துக்கு உறுப்புக் குறைபாடு வருகிறது, 30 முதல் 40 சதவீதத்துக்குப் பேச்சு, அறிவு வளர்ச்சியில் பிரச்சினை வருகிறது. மாத்திரையை மாற்றுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். கர்ப்பம் உறுதியான பிறகு பதறி நிறுத்துவது தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. லாமோட்ரிஜின், லெவிடிரசெடாம் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவை. ஆனால் கர்ப்பத்தில் லாமோட்ரிஜின் அளவு ரத்தத்தில் குறையும், அதைப் பார்த்துக் கூட்ட வேண்டியிருக்கும். ஃபோலிக் அமிலத்தை முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

வால்புரோயேட் எடுக்கும் இளம்பெண்களுக்கு மாதவிலக்குத் தவறுவது, முகத்தில் முடி, எடை கூடுவது என்று சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை வரலாம். மாதவிலக்கை ஒட்டி மட்டும் வலிப்பு கூடும் பெண்களும் உண்டு. மூன்று மாதம் தேதிகளைக் குறித்து வைத்தால் டாக்டர் அந்த நாட்களுக்கென்று தனியாக மருந்து தரலாம். கார்பமசெபின், ஃபெனிடாயின் எடுப்பவர்களுக்குக் கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம் என்பதையும் யாராவது அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மறைத்துச் செய்யாதீர்கள். மறைத்தால் புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வேண்டிவரும், பாதி நாள் விட்டுப்போகும். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது, அதை 1999லேயே நீக்கிவிட்டார்கள்.

"இது வலிப்பே இல்லை, மனசு சம்பந்தப்பட்டது" என்று சொல்லிவிட்டார்கள். அப்படியென்றால் நடிக்கிறாளா?

இல்லை. வலிப்பு மாதிரியே இருக்கும், ஆனால் மூளையின் மின்னோட்டக் கோளாறால் வராத தாக்குதல்கள் உண்டு. அவை வேண்டுமென்றே செய்வது அல்ல. அடங்காத வலிப்பு என்று வீடியோ இ.இ.ஜி. பிரிவில் (மூளையின் மின்னோட்டத்தையும் தாக்குதலின் வீடியோவையும் ஒன்றாகப் பதிவுசெய்யும் இடம்) சேர்க்கப்படுகிறவர்களில் நான்கில் ஒருவர் அளவுக்கு இப்படி இருப்பதுண்டு. கண்ணை இறுக மூடியிருப்பது, நீண்ட நேரம் விட்டு விட்டு ஆடுவது, தலையைப் பக்கவாட்டில் அசைப்பது போன்ற அடையாளங்கள் உதவும். ஆனால் தாக்குதல் நடக்கும்போதே இ.இ.ஜி. பார்த்தால்தான் உறுதியாகும். ஒரே ஆளுக்கு நிஜ வலிப்பும் இதுவும் சேர்ந்தே இருக்கலாம் என்பதால் மாத்திரையை அவசரமாக நிறுத்தக் கூடாது. இதற்கு மருந்து பேச்சுவழி மனநலச் சிகிச்சை. வரும்போது போனில் வீடியோ எடுத்து வைப்பது டாக்டருக்கு மிகப் பெரிய உதவி.

தூக்கத்திலேயே இறந்துபோகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். உண்மையா?

உண்மை. வலிப்பு உள்ளவர் வேறு காரணம் எதுவும் இல்லாமல் எதிர்பாராமல் இறப்பதைச் சுடெப் என்கிறார்கள். அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி ஆண்டுக்குப் பெரியவர்களில் 1000 பேருக்கு ஒருவர், குழந்தைகளில் 4500 பேருக்கு ஒருவர். அடங்காத வலிப்பில் இதைவிடக் கூடுதல். உடம்பு முழுதும் விறைத்து இழுக்கும் பெரிய வலிப்பு வருடத்தில் மூன்றோ அதற்கு மேலோ வந்தால் ஆபத்து சுமார் 15 மடங்காகிறது. பெரும்பாலும் இரவில், படுக்கையில், குப்புறப் படுத்த நிலையில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது நடக்கிறது. வலிப்பு முடிந்த சில நிமிடங்களில் மூச்சும் பிறகு இதயமும் நின்றுவிடுகின்றன.

பயமுறுத்தக் கூடாது என்று டாக்டர்கள் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். சொல்லியே ஆக வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் செய்யக்கூடியது இருக்கிறது. மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் எடுப்பது, பெரிய வலிப்பைக் குறைப்பதையே சிகிச்சையின் முதல் குறியாக வைப்பது, இரவில் ஒரே அறையில் ஒருவர் படுப்பது. வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கூப்பிட்டு, தட்டி, மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே இருங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும் 108தான். மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரேயை டாக்டரிடம் கேட்டு வீட்டில் வையுங்கள்.

இறப்புகள் எல்லாமே சுடெப் இல்லை. தண்ணீரில் மூழ்குவது பெரிய காரணம். கிணறு, குளம், வாய்க்காலுக்குத் தனியாக அனுப்பாதீர்கள். குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம், வாளியில் மொண்டு உட்கார்ந்து குளிக்கட்டும். அடுப்படியில் தனியாக நின்று எண்ணெய் காய்ச்சும் வேலை வேண்டாம்.

காய்ச்சல், சளி, காசநோய் என்று வேறு டாக்டரிடம் போனால்?

மாத்திரைச் சீட்டைக் காட்டாமல் எதையும் வாங்காதீர்கள். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகள் ரத்தத்தில் கார்பமசெபின் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் பல வலிப்பு மருந்துகளைக் குறைக்கும். மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் வால்புரோயேட் அளவு சரிந்துவிடும், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும்போது இதை நினைவுபடுத்துங்கள். வலிக்குத் தரும் டிரமடால், சில ஆன்டிபயாடிக்குகள், இவையே வலிப்பைத் தூண்டக்கூடியவை. கற்பூரமும் யூக்கலிப்டஸ் தைலமும்கூட. சளிக்கென்று நெஞ்சில் கற்பூரத் தைலம் தேய்ப்பதும் ஆவி பிடிப்பதும் இந்த வீடுகளில் வேண்டாம்.

ஆபரேஷன் செய்தால் இவையெல்லாம் சரியாகிவிடுமா?

சில சரியாகும். டெம்போரல் மடல் வலிப்புக்குக் கனடாவில் நடந்து 2001ல் வெளியான ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் 58 சதவீதம் பேருக்கு ஒரு வருட முடிவில் நினைவு தப்பும் வலிப்பு இல்லை. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் அது 8 சதவீதம். டெல்லி எய்ம்ஸில் 18 வயதும் அதற்குக் கீழும் உள்ள 116 பேரிடம் நடந்து 2017ல் வெளியான ஆய்வில் வலிப்பு நின்றவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 77 சதவீதம், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 7 சதவீதம். அந்த ஆய்வில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் நடத்தையும் வாழ்க்கைத் தரமும்கூட மேம்பட்டன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் 1995 முதல் இது நடக்கிறது. வேலூர் சி.எம்.சி.யிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் செய்கிறார்கள். இரண்டு மருந்து பலிக்காதபோதே கேட்க வேண்டிய கேள்வி இது. இருபது வருடம் கழித்து வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

ஆனால் மனச்சோர்வு தானாகப் போய்விடும் என்று எண்ண வேண்டாம். வலிப்பு நின்றவர்களுக்கும் முதல் சில மாதங்களில் புதிதாகச் சோர்வோ பதட்டமோ வரலாம். நினைவாற்றல் நன்றாக இருக்கும் ஒருவருக்கு இடது பக்கத்தில் செய்தால் சொல் நினைவு குறையும் அபாயம் உண்டு. அதனால்தான் முன்பே அத்தனை பரிசோதனைகள்.

டாக்டர் ஐந்து நிமிடம்தான் பார்க்கிறார். எதைச் சொல்வது?

வரும் முன்பே ஒரே ஒரு தாளில் எழுதுங்கள். மேலே வலிப்புத் தேதிகள், எது பெரியது, எது சின்னது. அடியில் தூக்கம், மனநிலை, ஞாபகம், வலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எது அதிகம் கஷ்டப்படுத்துகிறதோ அதைச் சுற்றி வட்டமிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரு பிரச்சினையைப் பிடித்துக்கொண்டால் போதும், அடுத்த தடவை அடுத்தது. நோயாளி தனியாகப் பேச இரண்டு நிமிடம் கொடுங்கள். அம்மா முன்னால் சொல்ல முடியாதது எல்லோருக்கும் இருக்கும்.

கூடவே இருக்கும் எனக்குத்தான் இப்போது தூக்கமே வருவதில்லை.

உங்களுக்கும் பார்க்க வேண்டும். பிள்ளையின் ஒவ்வொரு அசைவுக்கும் விழிக்கும் தாய்மார்களிடம் மனச்சோர்வு நிறையவே இருக்கிறது, அதைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. வாரத்தில் இரண்டு இரவாவது அப்பாவோ, சித்தியோ, அண்ணனோ அந்த அறையில் படுக்கட்டும். முதலுதவியை அவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். மேலே சொன்ன 14416 உங்களுக்கும்தான். அடுத்த தடவை செக்கப்புக்கு வரும்போது உங்களுக்கும் ஒரு சீட்டு போட்டுக்கொள்ளுங்கள்.